நாலாவது ரெக்கார்டு

சார்செல், பிரான்ஸ்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள சங்கவிக்கு,

தேவதாஸ் மாமா எழுதுவது. நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. காதைத் தவிர என் உடம்பில் குறை ஒன்றும் இல்லை.

போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று உனக்குத் தோன்றும். போனில் இப்போது யார் பேசினாலும் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கிறது. என் மகள் கலையரசியின் போனுக்குச் செய்தி அனுப்பினால், அவள் படித்துவிட்டுப் பாதியைத்தான் எனக்குச் சொல்கிறாள். காகிதம் என்றால் நேரே என் கைக்கு வரும்.

செப்டம்பரில் வலது காதில் ஆபரேஷன். உள்ளே ஒரு கருவியை வைப்பார்களாம். பேச்சு புரியும். ஆனால் அந்தக் காதில் மிச்சமிருக்கும் இயற்கையான கேட்கும் சக்தி போய்விடும், பாட்டு பாட்டாகக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது காதைத் தொட நான் விடவில்லை. காது மிஷின் மாட்டிக்கொண்டால் அதில் இன்னும் கொஞ்சம் பாட்டுக் கேட்கிறது. அதைப் பாட்டுக்கென்றே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இரண்டு காதும் இருக்கும்போதே ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். பதினேழு வயதில் நானும் மதிவாணனும் வடிவேலுவும் ஓர் ஆங்கில ராக் குழுவின் மேல் பைத்தியமாகத் திரிந்தோம். ‘சால்ட் லாந்தர்ன்’ என்று பெயர். எங்களுக்கு அவர்கள் வெறும் ‘லாந்தர்காரர்கள்’. எழுபதுக்கும் எழுபத்தேழுக்கும் நடுவில் ஆறு ரெக்கார்டு போட்டுவிட்டுப் பிரிந்துபோனார்கள். ஆறும் பூட்டிக் கிடக்கும் என் கருவடிக்குப்பம் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, முதலிலிருந்து வரிசையாக, கடைசியாக ஒருமுறை கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

வீட்டுச் சாவி உன்னிடம்தானே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெருக்கப் போகும்போது அவை எப்படி இருக்கின்றன என்று பார்த்து எழுது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தேவதாஸ்


வைத்திக்குப்பம், புதுச்சேரி
20 ஏப்ரல் 2025

மரியாதைக்குரிய தேவதாஸ் மாமாவுக்கு,

சங்கவியின் வணக்கம். நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். உங்கள் காதுக்காக அம்மா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு என்று ஒரு கடிதம் வந்தது இதுதான் முதல் முறை. போஸ்ட்மேன் தெருவில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டேன். அம்மாதான் வாங்கினாள். நான் ஒன்பதாவதோடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம். காலையில் அம்மாவோடு மீன் விற்க உட்காருகிறேன், ஆனால் கூவ வரவில்லை. “வாயத் தொறடி. நீ உக்காந்திருக்கிறதப் பாத்தா மீனே எழுந்து ஓடிடும்” என்று அம்மா திட்டுவாள்.

பீரோவைத் திறந்து பார்த்தேன். ஆறு ரெக்கார்டும் இருக்கின்றன. அட்டை ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது. தட்டுகள் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. நாலாவதில்தான் அதிகம், மழையில் நனைந்த படிக்கட்டுப் படம் போட்டது. மதிவாணன் மாமாவும் வந்து பார்த்தார். “தொடைச்சா போயிடும்மா. எப்பிடித் தொடைக்கிறதுன்னு அவனே எழுதட்டும்” என்றார்.

என்ன செய்யட்டும் என்று எழுதுங்கள், செய்கிறேன்.

இப்படிக்கு,
சங்கவி


சார்செல்
3 மே 2025

அன்புள்ள சங்கவி,

உன் கடிதம் கிடைத்தது. பிழை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கூவத் தெரியாதது ஒரு குற்றமில்லை, அம்மாவின் குரலே வைத்திக்குப்பம் முழுக்கப் போதும்.

ஒரு சட்டித் தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விட்டு, மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, கோடுகள் போகும் வழியிலேயே வட்டமாகத் துடை. நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் தண்ணீர் படக் கூடாது. பிறகு வீட்டுக்குள் நிழலில், சுவரோரம் சாய்த்து வை. வெயிலில் மட்டும் வைத்துவிடாதே.

நாலாவதைக் கூடுதல் கவனத்தோடு பார்த்துக்கொள். அதன் கடைசிப் பாட்டின் முடிவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பாடுகிறவன் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பான், அசையாமல், மூச்சு முட்டும்வரை. இவ்வளவு தூரம் வருவது அதைக் கேட்கத்தான்.

உங்கள் ஊர் வெயில் இப்போது கொளுத்தும். தலையில் துணி போட்டுக்கொண்டு போ.

தேவதாஸ்


(அனுப்பாதது)
வைத்திக்குப்பம்
18 மே 2025

தேவதாஸ் மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வெயிலில் வைக்காதே என்ற வரியின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்கள். நான் நாலாம் தேதியே வைத்துவிட்டேன்.

உங்கள் பதில் வருவதற்குள் பூஞ்சை பரவிவிடும் என்று பயந்தேன். எங்கள் வீட்டில் ஈரம் பட்டாலும் பூஞ்சை பிடித்தாலும் எதுவானாலும் வெயிலில்தான் போடுவோம். பாய், தலையணை, வலை, அரிசி, மீன், எல்லாம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஆறையும் போடவில்லை. மோசமாக இருந்த ஒன்றை முதலில் போட்டுப் பார்ப்போம் என்று நாலாவதை மட்டும் எடுத்துப் போய், மொட்டைமாடியில் பழைய புடவையை விரித்து வைத்தேன். கீழே வந்து இரண்டு அறை பெருக்கினேன். திரும்பிப் போனபோது ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி எழும்பி நின்றது. தொட்டால் இளகிக் கிடந்தது.

உடைந்த கடப்பாக்கல் துண்டுகள் இரண்டு பின்பக்கம் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் வைத்து, மேலே தண்ணீர்க் குடத்தை ஏற்றினேன். இரண்டு வாரம் ஆகிறது. கையில் பிடித்துப் பார்த்தால் இப்போது தட்டையாகத்தான் தெரிகிறது. உங்கள் ரெக்கார்டு மிஷினில் சுற்றவிட்டால் ஏறி இறங்குகிறது. பாடுகிறவர் தண்ணீருக்குள் இருந்து பாடுகிறார். கடைசிச் சுரம்தான் எல்லாவற்றையும்விட மோசமாக ஆடுகிறது.

மற்ற ஐந்தை இன்று நீங்கள் சொன்னபடி துடைத்தேன். அழகாக வந்துவிட்டன. பதினான்கு நாள் பொறுத்திருந்தால் அதுவும் வந்திருக்கும்.

அம்மாவுக்குத் தெரியாது. நம்பிச் சாவி கொடுத்தவர் நீங்கள். இதை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

சங்கவி


வைத்திக்குப்பம்
20 மே 2025

மரியாதைக்குரிய தேவதாஸ் மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலமாக இருக்கிறோம். நீங்களும் கலையரசி அக்காவும் நலம்தானே?

நீங்கள் எழுதியபடியே துடைத்து நிழலில் வைத்தேன். ஆறும் நன்றாக இருக்கின்றன.

வெயில் அதிகம். அதனால் சீக்கிரம் முடிக்கிறேன்.

சங்கவி


சார்செல்
5 ஜூன் 2025

என் அன்புச் சங்கவி,

உன் நாலு வரியைப் படித்துவிட்டு வீட்டில் ஆடினேன் என்றால் நம்புவாயா? கலையரசி எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தாள். டிக்கெட் எடுத்தாயிற்று. ஆகஸ்ட் ஏழாம் தேதி வருகிறேன், சுகமாக இருந்தால்.

நாங்கள் கேட்கும் விதத்தை உனக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிரிப்பாய். ஜன்னலையெல்லாம் சாத்தி அறையை இருட்டாக்குவோம். மிஷினுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடி உட்காருவோம். ஒரு பக்கம் முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. ஊசியை வைக்கிறவன் எப்போதும் வடிவேலுதான். பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவன், கை நடுங்காது. முடிந்ததும் சண்டை ஆரம்பிக்கும். அவனுக்கு இரண்டாவதுதான் உலகத்தில் சிறந்தது. மதிவாணனுக்கு ஆறாவது. ஐம்பது வருஷமாக மூன்று பேரும் ஒத்துப்போனது நாலாவதில் மட்டும்தான்.

மிஷின் எப்படி ஓடுகிறது என்று மதிவாணனை வைத்துப் போட்டுப் பாருங்கள். நீயும் உட்கார்ந்து கேள்.

உன் அம்மாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

தேவதாஸ்


வைத்திக்குப்பம்
6 ஜூலை 2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு வலி பரவாயில்லை. பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் போக ஆரம்பித்துவிட்டதால் வேலை அதிகம்.

மதிவாணன் மாமா மிஷினுக்கு பெல்ட் மாற்றினார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் மூன்று ரெக்கார்டையும் கேட்டோம். எனக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் இரண்டாவதில் ஒரு பாட்டு, கடற்கரையில் படகைத் தள்ளும்போது எல்லோரும் சேர்ந்து மூச்சுப் பிடிப்பார்களே, அப்படி இருந்தது.

நாலாவதை நீங்கள் வந்தபிறகே போடலாம் என்று நான் சொன்னேன். “ஆமாம்மா, அவன் வராம அதத் தொடக்கூடாது” என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

ஒன்று கேட்கிறேன். ஒரு ரெக்கார்டு கெட்டுப்போனால் அதே மாதிரி வேறொன்று எங்காவது கிடைக்குமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பத்திரமாக வாருங்கள்.

சங்கவி


சார்செல்
28 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சங்கவி,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டை விமான நிலையத்தில் யாரும் பிடிக்கவில்லை. கலையரசிதான் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டை அவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாய். அங்கே இருந்தபோது உனக்குச் சரியாக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு யாரோடும் பேசும் நிலையில் நான் இல்லை. ஏன் என்று இப்போது எழுதுகிறேன். நண்பர்களிடம் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை முதல் மூன்றையும் கேட்டோம். எனக்கு ஓரளவு பிடிபட்டன, சந்தோஷமாகத் தூங்கினேன். மறுநாள் நாலாவது. ஆரம்பத்திலிருந்தே எனக்குக் கலங்கலாகக் கேட்டது. கடைசிச் சுரம் வந்தபோது அந்தக் குரல் நிற்கவில்லை. ஆடியது. மூழ்கி மூழ்கி எழுந்தது. “வடிவேலு, ஒனக்கு எப்பிடிடா கேக்குது?” என்றேன். “அருமையா இருக்குடா” என்றான். மதிவாணனைக் கேட்டேன். “அன்னிக்குக் கேட்ட மாதிரியே இருக்குடா” என்றான். என் காது முடிந்துவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. தலைவலி என்று சொல்லி ஐந்தாவதையும் ஆறாவதையும் போட விடவில்லை.

நீ காப்பித் தட்டோடு வாசலிலேயே நின்றாய், டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. உன்னையும் பாட்டு அப்படி அசைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு ஆறுதல்.

இங்கே வந்ததும் டாக்டரைப் பார்த்து, இடது காதிலும் கருவியை வைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இடதில் இன்னும் மிச்சம் இருக்கிறதே என்று பரிசோதனைக் காகிதத்தைக் காட்டினார். காகிதத்தில் இருக்கிறது டாக்டர், பாட்டில் இல்லை என்றேன். செப்டம்பர் 17, இரண்டு காதும் ஒரே நாளில். அதற்குப் பிறகு என்ன மிச்சம் என்று கவலைப்பட வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவதாஸ்


கருவடிக்குப்பம்
12 செப்டம்பர் 2025

தேவதாஸ் மாமாவுக்கு,

உடனே படியுங்கள். இடது காதில் ஆபரேஷன் வேண்டாம். உங்கள் காது கெடவில்லை. ரெக்கார்டுதான் கெட்டது. கெடுத்தது நான்.

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. தபாலில் பதில் போட்டால் பதினேழாம் தேதிக்குள் வராது. அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதிவாணன் மாமா வீட்டுக்கு வந்தேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்கள் கடிதத்தையும், மே மாதம் நான் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தையும் அவர் முன்னால் வைத்தேன். இரண்டையும் படித்துவிட்டு எச்சில் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“அடிப்பாவி” என்றார். பிறகு, “ஒன்ன எதுக்குச் சொல்றது? நாங்க ரெண்டு பேரும்தான் பாவிங்க” என்றார்.

வடிவேல் மாமாவை வரச் சொன்னார். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார். “ஊசி வெச்சப்பவே பாத்தேன்டா, அலையாட்டம் ஏறி எறங்குது. பூட்டின வூட்டு சூட்டுல வளைஞ்சிருக்கும்னு நெனச்சிக்கினேன். ஆசையா வந்தவங்கிட்ட, அது போச்சுடான்னு எப்பிடிச் சொல்றது?”

“அதனால அவன் காது போச்சுன்னு அவனையே நம்ப வெச்சிட்ட.”

“நீ மட்டும் என்ன சொன்னியாம்? அன்னிக்குக் கேட்ட மாதிரியே இருக்குன்னியே!”

மதிவாணன் மாமா எழுந்துபோய், எனக்கு எழுதக் காகிதம் எடுத்துவந்தார்.

மாமா, நீங்கள் கேட்டதைத்தான் நானும் கேட்டேன். ஆடியது. மூழ்கி மூழ்கி எழுந்தது. அவர்கள் அருமை என்று சொன்னபோது, நான் பத்தடி தூரத்தில் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பாட்டு என்னை அசைக்கவில்லை. பயத்தில்தான் கை நடுங்கியது.

பூஞ்சை என்று வெயிலில் வைத்தேன். அது தெரியாமல் செய்தது. நிழலில் வைத்தேன் என்று எழுதியது தெரிந்தே செய்தது.

இதையும் மே மாதக் கடிதத்தையும் மதிவாணன் மாமா போட்டோ எடுத்துக் கலையரசி அக்காவுக்கு அனுப்புகிறார். அக்கா, ஒரு வரிகூட விடாமல் அப்பாவிடம் காட்டுங்கள். பாதியைச் சொல்லாதீர்கள்.

நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இன்று இல்லை.

சங்கவி


சார்செல்
14 அக்டோபர் 2025

சங்கவி,

கலையரசி பதின்மூன்றாம் தேதி காலையில் இரண்டு கடிதத்தையும் காகிதத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு வரி விடவில்லை. அன்றைக்கே ஒப்பித்தாலுக்குப் போய், டாக்டரிடம் வலது மட்டும் போதும் என்று எழுதிக் கொடுத்தோம். ஆபரேஷன் நடந்தது. காயம் ஆறிவிட்டது. இடது காது முன்பு இருந்தபடியே இருக்கிறது.

ஒரு மாதமாக உனக்கு நான் எழுதவில்லை. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். கோபம். இப்போதும் முழுக்கப் போகவில்லை. ரெக்கார்டு போனதற்காக இல்லை, அது பிளாஸ்டிக். ஆனால் முப்பத்துநாலு நாள் என் காது செத்துவிட்டது என்று நினைத்து வாழ்ந்தேன், சங்கவி. கலையரசி சமையல் செய்துகொண்டே எதையாவது பாடுவாள். அவள் ஆரம்பித்ததும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். ஒருநாள் அவள் அதைக் கவனித்துவிட்டுப் பாடுவதை நிறுத்திவிட்டாள். அவளை மறுபடி பாடச் சொல்லி இப்போது கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

வடிவேலுவும் மதிவாணனும் ஆளுக்கு ஒரு பக்கம் மன்னிப்பு எழுதியிருந்தார்கள். அவர்களுக்குத் தனியாகப் பதில் போடுகிறேன். அதை நீ படிக்க வேண்டாம், வயதானவர்கள் வாயில் வரக்கூடாத வார்த்தைகள் அதில் இருக்கின்றன.

வலது காதில் கருவியை நேற்றுத்தான் இயக்கினார்கள். எல்லோரும் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிறார்கள். பழகப் பழகச் சரியாகுமாம். தெரிந்த பாட்டைத் தினமும் கேட்டு, இந்த இடத்தில் இது வரவேண்டும் என்று காதுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். அதற்கு, எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டும். நண்பர்களைக் கேட்டால் ‘அருமை’ என்று எழுதுவார்கள்.

நீ எழுது. முதல் ரெக்கார்டு, முதல் பக்கம். காதில் விழுவதை விழுந்தபடி எழுது. பொய் எழுதிய ஒருத்தியிடம்தான் இதைக் கேட்கிறேன் என்பது எனக்குத் தெரியும்.

தேவதாஸ்


வைத்திக்குப்பம்
2 நவம்பர் 2025

மரியாதைக்குரிய தேவதாஸ் மாமாவுக்கு,

இரண்டு நாளாக எனக்குச் சளி. அம்மாவுக்கு இடுப்பு வலி அதிகமாகத்தான் இருக்கிறது. ஜூலைக் கடிதத்தில் பரவாயில்லை என்று எழுதினேன், அப்போதும் வலி அதிகமாகத்தான் இருந்தது. இடது காது இருப்பதைக் கேட்டு அம்மா அழுதாள். பிறகு, உங்களிடம் பொய் எழுதியதற்காக என்னை அடித்தாள்.

நீங்கள் என்னை மன்னித்ததாக எழுதவில்லை. மூன்று முறை படித்துப் பார்த்தேன். எழுதவில்லைதான்.

இன்று வெளியே மழை. முதல் ரெக்கார்டைப் போட்டோம். மதிவாணன் மாமாவும் வடிவேல் மாமாவும் இருந்தார்கள். நான் மிஷினுக்கு முதுகு காட்டவில்லை, மன்னிக்கவும். எதிரே உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே கேட்டேன்.

முதல் பாட்டு. டிரம் மட்டும் எட்டு அடி. பிறகு கனமான கிதார், கதவைத் தள்ளுகிற மாதிரி. இரண்டு வரி பாடியதும் இன்னொரு கிதார் மெல்லியதாகப் பின்னால் வருகிறது. உங்களுக்கு அது இப்போது கேட்காமல் போகலாம், ஆனால் அங்கே இருக்கிறது. பாட்டின் நடுவில் யாரோ இருமுகிறார்கள். ஒருமுறைதான்.

இரண்டாவது பாட்டு நீளம். எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆர்மோனியம் மாதிரி ஒன்று அழுதுகொண்டே இருக்கிறது.

மூன்றாவது பாட்டில், உயரமான இடத்துக்குப் போகும்போது பாடுகிறவர் சுருதி கொஞ்சம் இறங்குகிறார். தட்டு வளைந்திருக்குமோ என்று எனக்குத் திக்கென்றது. எழுந்துபோய், ஓரம் ஏறி இறங்குகிறதா என்று பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி அளந்து பார்த்தேன். தட்டு நேராகத்தான் சுற்றுகிறது. மறுபடி இரண்டு முறை போட்டுக் கேட்டேன். அதே இடத்தில், அதே அளவு இறங்குகிறார்.

நான் அதை எழுதுவதை வடிவேல் மாமா எட்டிப் பார்த்துவிட்டார். “லாந்தர்காரனாவது, சுருதி எறங்குறதாவது! அம்பது வருசமா நாங்க கேக்காததா நீ கேட்டுட்ட? அத அடிச்சிடு பாப்பா. அவன் மனசு கஷ்டப்படும்.”

“எறங்குது மாமா” என்றேன்.

என் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. மதிவாணன் மாமா திரும்பிப் பார்த்தார். வடிவேல் மாமா கோபித்துக்கொண்டு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வரியை நான் அடிக்கவில்லை.

சங்கவி